முன்வரிசைக்கு ஆள் தேவை

…அவரே தாண்ணா. செத்தவரே தான். சந்து மொனைல, பேனர்ல கூலிங் க்ளாஸ் போட்டுகினு சிரிக்கறாரே, அதே ஆளு தான் அந்த பேனருக்குக் கீழ ப்ளாஸ்டிக் சேர் போட்டு குந்திகினு மொளகா பஜ்ஜிய ஊதி ஊதி துன்னுகினு கீறாரு. நீ பாத்தது பேயும் கெடயாது, ரெட்டப் பொறவியும் கெடயாது. எங்க மாமா. பேரு இன்னாசி. எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பி. பேயா இருந்தா இன்னொரு கரண்டி சட்னி கேட்டு சண்ட போடுமா, நீயே சொல்லு.

ஐயோ, பாத்து பாத்து பாத்து! வயர மிதிச்சிடாத! இந்த லேப்டாப்புக்கு பேட்டரி எப்பவோ செத்துப் போச்சி. வயரு புடுங்கிச்சின்னா எல்லாம் அவுட்டு. குந்துண்ணா. படிலயே குந்து, தூசி தான், ஒண்ணும் ஒட்டிக்காது. காட்டுப்பள்ளிலேர்ந்து கம்பெனி பஸ்ல நின்னுகினு தானே வந்த? மூஞ்சே சொல்லுது. நீ தானே மேல் வூட்டுக்குப் புச்சா வந்த ஷிபின் அண்ணா? ஷிப்யார்டுல சேஃப்டி ஆபீசரு? எப்படி தெரியுமா? இன்னாண்ணா நீ, ராயபுரத்துல வந்து இப்படி கேக்கற. நீ பொட்டி படுக்கையோட ஆட்டோலேர்ந்து எறங்கறதுக்கு முன்னாடியே எங்கம்மா சொல்லிட்டாங்க. "நாரோயிலுப் புள்ளயாம்டா ஜெரி. பேசறது பாட்டு பாடற மாதிரியே கீதாம். நீ அந்தப் புள்ளய மாதிரி பேசிக் காட்டி எதுனா வம்பு பண்ண, வெளக்கமாறு பிஞ்சிடும்." நான் ஏன் பண்ணப் போறேன்? ஒண்ணே ஒண்ணு பண்ணேன். வாட்ச்மேன் கிட்ட. அவரும் நீ தான்னு நெனச்சி மெயின் கேட்ட தொறந்து உட்டாரு. அத உடு.

பேனர ஏன் இன்னும் எடுக்கலன்னு தானே கேக்கற? அத கேளு! அத தான் நானும் ஒரு வாரமா தொண்ட கிழிய கேட்டுகினு கீறேன். எடுக்க உடமாட்டேன்றாருண்ணா. "என்ன மொதல்ல எழுப்பு, அப்பால எடு"ன்றாரு. சேர போட்டு காவலுக்கு வேற குந்திகீறாரு. கண்ணீர் அஞ்சலின்னு பெருசா போட்டு, அதுக்குக் கீழ "உன் நினைவில் வாடும் நண்பர்கள்"னு போட்டு கீது இல்ல? அந்த நண்பர்கள் தான் பஜ்ஜி வாங்கிக் குடுத்துகினு கீறானுங்க. வாடறானுங்களாம்.

இதுக்கெல்லாம் காரணம் யாரு தெரியுமா? ஒரு வெள்ளக்காரன். எந்த ஊருன்னு கூட எனக்குத் தெரியாது. ஒத்த ஆளா ஒரு ரூம்ல குந்திகினு ஒரு கம்ப்யூட்டர் கேம் பண்ணி வச்சிகீறான். பேரு வாய்ல நொழயாது. நாங்க "குகை"ன்னு சொல்லுவோம். நீ கேம் ஆடுவியா? ஃபோன்ல துப்பாக்கி வச்சிகினு டப்பு டப்புன்னு சுடுவானுங்களே, அதுவா? ஐய. அது குழந்தப் பசங்க ஆடறது. அதுல எங்க போவணும்னு தரைலயே அம்பு போட்டு காட்டுவான். செத்தா உடனே எழுப்பி உடுவான். மாமியார் வூட்டு மாப்ளைக்குக் கூட அவ்ளோ உபசாரம் கெடயாது. நம்ம கேமு அப்படி இல்ல. கெத்து. பழைய காலத்து ஸ்டைலு. அம்பு கெடயாது, மேப்பு கெடயாது. மேப்பு நீயே க்ராஃப் ஷீட்ல போட்டுக்கணும். படம்? எல்லாம் கட்டம் கட்டமா தான் இருக்கும். பூதம்னா ஒரு எழுத்து. ட்ராகன்னா அதே எழுத்து, கொஞ்சம் பெருசா. எங்கம்மா எட்டிப் பாத்துட்டு, "இன்னாடா இது, ரேஷன் கட ரசீது மாதிரி கீது, இதுக்கா கண்ண கெடுத்துக்கற?"ன்னாங்க. கலைண்ணா இது! கல தெரியாதவங்க.

அத வாங்கறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே… கம்ப்யூட்டர்ல ஒரு கட, அதுல திருவிழா தள்ளுபடின்னு போட்டுகீறான். நாளைக்கு முடியுது. கார்டு யாருகிட்ட கீது? மாமாகிட்ட. மாமா எங்க கீறாரு? ஹார்பர்ல, டக்கு போட்டுல. பெரிய கப்பல கயிறு கட்டி இஸ்துகினு வருமே ஒரு குட்டி போட்டு, அதுல கயிறு புடிக்கற வேல. கார்டு நம்பர் என்கிட்ட கீது, ஓடிபி அவரு ஃபோனுக்குப் போவுது. ஃபோன் பண்ணேன். இஞ்சின் சத்தத்துல கத்தறாரு. "ஆறு! ஆறுடா! அஞ்சுக்கு அப்பால வருமே, ஆறு! காது கீதா இல்ல அடமானம் வச்சிட்டியா?" நடுவுல கப்பலு பாம்ம்ம்முன்னு ஹாரன் அடிக்குது. அன்னிக்கு அந்த பனாமா கொடி கட்டன கப்பல் கேப்டனுக்கே எங்க ஓடிபி தெரிஞ்சிருக்கும்.

வூட்டுக்கு வந்ததும் கேட்டாரு. "இன்னாடா வாங்கன?" நான் சொன்னேன், "நாலு பேரு சேந்து குகைக்குள்ள போற கேமு மாமா. நாலு பேருக்கும் நம்மளே பேரு வைக்கலாம்." அவ்ளோ தான். மீசைய தடவிக்கினாரு. "கார்டு என்னுது. அப்போ நானும் வரேன். முன்னாடி நிக்க வை. இன்னாசி பின்னாடி நிக்கற ஆளு கெடயாது." இத யாரு சொன்னாங்க? அவரு சொன்னாரு. நல்லா ஞாபகம் வச்சிக்க. முன்வரிசைல நிக்கறவன் தான் மொத அடி வாங்குவான். நான் இஸ்து நிக்க வைக்கல.

சரி, மாமா சண்டைக்காரன். வைத்தியம் பாக்கறதுக்கு யாரு? மாமா சம்சாரம் ரோசி அத்த. எந்நேரமும் ஜெபமால கையுமா கீறவங்க, கேம்லயும் மந்திரம் போட்டு காயத்த ஆத்தட்டும்னு வச்சேன். அப்பால திருடன்னு ஒரு வேல கீது. தப்பா நெனைக்காத, அது மரியாதையான வேல. பூட்டு தொறக்கறது, பொட்டில கண்ணி வச்சிகீதான்னு மோந்து பாக்கறது. அதுக்கு வெரலு நைசா இருக்கணும். நம்ம மளிகக் கட தவசிமுத்து அண்ணாச்சி கீறாரு இல்ல, ஒரு கிலோ பருப்புல ஒத்தப் பருப்பு கூட உழுந்துட்டா வெரல வுட்டு அத மட்டும் கரெக்டா எடுப்பாரு. அவர உட்டா வேற யாரு? நாலாவது ஆளு பாட்டுக்காரன். அடிக்கவும் மாட்டான், அடி வாங்கவும் மாட்டான், பின்னாடி நின்னு சவுண்டு மட்டும் உடுவான். அது நான்.

மாமாக்கு இந்த கேமு புடிச்ச புடி இருக்கே! டூட்டி முடிஞ்சி வந்து செருப்பக் கூட கழட்ட மாட்டாரு. "டேய் ஜெரி, இன்னிக்கு நான் இன்னா பண்ணேன்?" "எலும்புக்கூட அடிச்ச மாமா." "எத்தினி?" "ரெண்டு." "ரெண்டு தானா? ஒடம்பு சரியில்லயா எனக்கு?" மறுநாளு போட்டுல போயி அத நாலா சொல்லுவாரு. அந்த போட்டுக்கு சாராங்கு, அதான் அங்க பெரிய தல, ஜஹாங்கீர் பாய். அவரு டீ க்ளாஸ கைல புடிச்சிகினு, "அரே இன்னாசி மியான், நேத்து எந்த ஷைத்தான அடிச்சே? சீக்கிரம் சொல்லு, கப்பல் வந்துகிட்டிருக்கு"ன்னு கேப்பாராம். கப்பலு வெளிய நிக்கும். இவரு பூதத்த அடிச்சி முடிச்ச அப்பால தான் கயிறு போவும்.

அப்படி சோக்கா போய்கினு இருந்த மனுஷன்… மூணாவது தளத்துல ஒரு பொட்டி.

இங்க தான் அந்த வெள்ளக்காரன் வேலைய காட்னான். பொட்டில கண்ணி இருந்தா, அது இன்னா கண்ணின்னு சொல்ல மாட்டான். அடையாளம் மட்டும் சொல்லுவான். "ஒரு சின்ன துவாரம். உள்ளே பச்சையாய் ஏதோ மினுமினுக்கிறது. கசப்பு வாசம்." பேர நீ தான் டைப் அடிக்கணும். கரெக்டா அடிச்சா கண்ணி உட்டுடும். கசப்பு வாசம், பச்ச கலரு. எல்கேஜி புள்ளைக்குக் கூட தெரியும், விஷம். இங்கிலீஷ்ல அடிச்சேன். பாய்சன். தட்டிட்டு என்டர போட்டா… படக்! ஊசி பறந்து வந்து மாமா நெஞ்சுல. செத்தாரு. நான் கரெக்டா அடிச்சேண்ணா! கேம்ல தான் கோளாறு. அவனுக்கு மெயிலு போட்டேன். "ஐயா, உங்க கேம் தப்பு, எங்க மாமா செத்துட்டாரு"ன்னு. அவன் இன்னா எழுதறான் தெரியுமா? "அன்புள்ள ஜெரி, உங்கள் மாமாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்." அனுதாபமாம்! அதுக்குக் கீழ, "தயவுசெய்து எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கவும்." எனக்கு! ஸ்பெல்லிங்கு! திமிரப் பாத்தியா? ஒரே ஒரு ஸ்டார் குடுத்து, கிழி கிழின்னு கிழிச்சி எழுதிட்டேன்.

சேவ் பண்ணி வச்சதுலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாமேன்னு தானே கேக்கற? முடியாது. அதான் அதுல அழகே. ஒவ்வொரு அடிக்கும் அதுவே எழுதிகினு போயினே இருக்கும். செத்தா செத்தது தான்.

சரி, செத்துட்டாரு. மனசு தாங்குமா? "ஐயோ மாமா செத்துட்டாரே"ன்னு ஒரு சவுண்டு உட்டேன். யாரா இருந்தாலும் உடுவாங்க. அதுக்கு இந்தத் தெரு பண்ண அழிச்சாட்டியம் இருக்கே…

இன்னா? ஒரு பையன் கத்தினா ஊரே நம்பிடுமாவா?

…சேஃப்டி ஆபீசரு இல்ல, தோண்றத பாரு. அது வந்துண்ணா… என் கொரல்ல கத்தல. அத்த கொரல்ல கத்தினேன். ஜன்னலாண்ட நின்னு. கீழ கேரம் ஆடிகினு இருந்த பசங்கள கொஞ்சம் மெர்சலாக்கலாம்னு. "எஞ்சாமி… கடல நம்பி போனியே… என்ன ஒண்டியா உட்டுட்டுப் போய்ட்டியே ராசா…" – ஷ்ஷ், இரு, இதுக்கு மேல சத்தமா பண்ணக் கூடாது, கீழ மறுபடியும் சேர் எடுக்கப் போய்டுவானுங்க. ஒரே ஒரு தபா தான் கத்தினேன். சரி, ரெண்டு. மூணாவது தபாக்கு தான் நெஞ்சுல அடிச்சிகிட்டேன். மாமாக்கு ஃபோன் போட்டானுங்க. அவரு தண்ணில கீறாரு, சிக்னல் இல்ல. முடிஞ்சிது கத.

ரோசி அத்த அப்போ எங்க கீறாங்க தெரியுமா? அண்ணாச்சி கடைல புளி வாங்கிகினு கீறாங்க. ஒருத்தன் ஓடியாந்து, "ரோசி புருஷன் பூட்டாராம், ரோசி கெடந்து கதறுது"ன்னு சொல்லிட்டுப் போறான். ராயபுரத்துல ஒரு தெருவுக்குப் பத்து ரோசி. அண்ணாச்சி தராச கீழ வச்சிட்டு, "ஏ தாயி, என்ன கொடும பாத்தியளா, எந்த ரோசின்னு தெரியலயே. நீங்க போயி கொஞ்சம் பக்கத்துல இருங்க, பொம்பளயாளு இருந்தா தான் ஆறுதலு"ங்காரு. அத்த புளிய அப்படியே போட்டுட்டு ஓடியாறாங்க. வழியெல்லாம் அழுதுகினே வராங்க. எங்க வூட்டு வாசல்ல கும்பலு. உள்ள பூந்து, "எந்த ரோசிம்மா? பாவம், சின்ன வயசா? புள்ளைங்க கீதா?"ன்னு கேக்கறாங்க. அம்புட்டு பேரும் அவங்களயே பாக்கறாங்க. நான் மாடிலேர்ந்து பாத்தேன். அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்ல தான் வந்தேன். அதுக்குள்ள மாதா கோயில்ல சாவு மணி அடிச்சிட்டாங்க.

மணி அடிச்ச அப்பால எவன்ண்ணா நிறுத்துவான்? மத்த வேலைக்கு இந்த சந்துல ஆள தேடணும். ரோட்டுப் பள்ளத்துக்கு மனு எழுத ஒரு கைய காணோம். சாவுன்னு சொல்லு, சேர் வருது, ஷாமியானா வருது, மாமா போன வருஷம் திருவிழால கூலிங் க்ளாஸ் போட்டு எடுத்த போட்டோவ எவனோ ஃபோன்லேர்ந்து அனுப்பி, காபி ஆறறதுக்குள்ள பேனரே வந்துடுச்சி. அண்ணாச்சி துக்கத்துல ஷட்டர பாதி எறக்கிட்டாரு. பாதி தான். முழுசா எறக்கினா வியாபாரம் போயிடுமே, குனிஞ்சி வந்து வாங்கிக்க வேண்டியது தான்.

ஃபாதர் வந்தாரு. கண்ண மூடிகினு ஆரம்பிச்சாரு. "அன்பார்ந்த இறைமக்களே. சகோதரர் இன்னாசி அவர்கள் கடலின் மைந்தர். எளிமையின் உருவம். வாரம் தவறாமல் திருப்பலியில் பங்கேற்று, நற்கருணை உட்கொண்டு, நமக்கெல்லாம் முன்மாதிரியாக வாழ்ந்தவர்…" கடேசி வரிசைலேர்ந்து ஒரு கொரலு. "பொய் சொல்லாதீங்க ஃபாதர். நான் ஈஸ்டருக்கு அப்பால வரவே இல்ல."

மாமா தான். டூட்டி முடிஞ்சி வந்தவரு, கூட்டத்தப் பாத்து, யாரோ பூட்டாங்கன்னு செருப்பக் கழட்டிட்டு மரியாதையா பின்னாடி குந்திகினு டீ குடிச்சிகினு இருந்துகீறாரு. பேனர்ல பேர படிக்கல. கண்ணாடி எடுத்துனு போவல.

கும்பலு ஓடன ஓட்டம் இருக்கே! சேரெல்லாம் ஒடஞ்சிது. ஃபாதர் ஒருத்தரு தான் ஓடல. கால் மடங்கிப் போச்சி.

அடிச்சாராவா? எங்கம்மா அடிச்சாங்க. அத்த அடிச்சாங்க. கேரம் ஆடன பசங்க அடிச்சானுங்க, அவனுங்களுக்கு இன்னா உரிமன்னு இன்னிக்கு வரைக்கும் தெரில. மாமா அடிக்கல. பக்கத்துல குந்தி மெதுவா கேட்டாரு. "எதுல செத்தேன்?" "ஊசில மாமா." "ஊசியா?" மூஞ்சி அப்படியே தொங்கிப் போச்சி. "புயல்ல கயிறு அறுந்து மூஞ்சில அடிச்சப்பயே சாவாத ஆளுடா நானு. ஒரு ஊசி குத்தியாடா செத்தேன்? வெளிய சொல்லாத." நான் சொல்லல. நீ எட்டாவது ஆளு தான்.

இதோட முடிஞ்சிருந்தா பேஜாரு இல்ல. மறுநாளு மாமா வேலைக்குப் போறாரு, ஜஹாங்கீர் பாய் போட்டுல ஏற உடல. "அரே மியான், உன்கு மணி அடிச்சாச்சி. மணி அடிச்ச ஆளு கைல கயிறு குடுத்தா என் போட்டுக்கு ஆவாது. அந்த குகைல தான செத்தே? அங்கயே எந்திரிச்சி வா. அப்பறம் ஏறு." ஃபாதர் நொண்டிகினே போயி பேசிப் பாத்தாரு. "இதெல்லாம் மூடநம்பிக்கை." பாய் சலாம் போட்டுட்டு, "மணி அடிச்சது உங்க கோயில் தான ஃபாதர்?"ன்னுட்டாரு. ஃபாதர் அப்படியே நொண்டிகினு திரும்பிட்டாரு. ஒரு வாரமா வேலைக்குப் போவாம சேர்ல கீறாருண்ணா எங்க மாமா. பஜ்ஜி துன்றதப் பாத்து ஜாலியா கீறார்னு நெனச்சிக்காத. ஹாரன் சத்தம் கேட்டா கை தானா கயிறு புடிக்கற மாதிரி மடங்குது. நேத்து நான் பாத்தேன். அப்போ ஒண்ணும் மிமிக்ரி வரல எனக்கு.

அப்போ எழுப்பிட வேண்டியது தானேன்னு சொல்ற. பண்ணேண்ணா! கேம்ல ஒரு கோயில் கீது. பொணத்த இஸ்துகினு அங்க போயி, கீற தங்கத்தையெல்லாம் கொட்டினேன். பூசாரி மந்திரம் சொன்னான், மணி ஆட்னான், அப்பால சொல்றான்: "வருந்துகிறோம். உங்கள் தோழர் சாம்பலானார்." மாமா பக்கத்துல தான் கீறாரு. எகிறிட்டாரு. "சாம்பலா? எவன்டா என்ன எரிச்சான்? நம்ம ஆளுங்கள பொதைக்க தானேடா செய்வாங்க! காசிமேடு கல்லறைல எங்கப்பா பக்கத்துல எடம் கீதுடா எனக்கு!" அத்த ஒரு பக்கம் அழுவுறாங்க. அந்த பூசாரிக்குக் கைராசியே கெடயாது. இன்னொரு தபா முயற்சி பண்ணி அதுவும் ஊத்திகிச்சின்னா ஆளே காலி. பேரே அழிஞ்சிடும். ஜஹாங்கீர் பாய் போட்டுல மாமாக்கு எடம் கெடயாது, எப்பவும்.

தப்பாம எழுப்பணும்னா தைலம் வேணும். அது நாலாவது தளத்துல. அங்க போறதுக்கு முன்வரிசைல ஒரு சண்டைக்காரன் வேணும். தெருவுல போயி கேட்டேண்ணா, முன்வரிசைக்கு ஆள் தேவைன்னு. எங்கம்மா, "என் பேர மட்டும் வச்சிப் பாரு." கேரம் பசங்க ஓடிட்டானுங்க. அண்ணாச்சிக்கு அவரு திருடன்ற விஷயம் அப்போ தான் தெரிஞ்சிது. "எலேய்! நாலு பேரு கேட்டா என்னலே நினப்பாவ? திருடன்னு இருக்கத வணிகர்னு மாத்துலே மொதல்ல!"ன்னு எகிறினாரு. சும்மா எதுனா பேரு வைக்கலாம்னா மாமா ஒத்துக்கல. "என்ன தூக்க வரவன் ஊரு பேரு தெரியாதவனா இருக்கக் கூடாது. ரத்தமும் சதையுமா ஒரு ஆளு வேணும். நம்ம காம்பவுண்டு ஆளா இருந்தா ரொம்ப விசேஷம்."

அதான்ண்ணா… போன ஞாயித்துக்கெழம… நீ வந்து எறங்கின இல்ல?

குந்து குந்து குந்து! ஏன் எழுந்துக்கற? கேளு மொதல்ல. நீ இன்னா அடி அடிக்கற தெரியுமா? மாமாவே அசந்துட்டாரு. "ஷிபினு பரவால்லடா, கோடாலிய நல்லா வீசறான். நாரோயிலு ரத்தம்." ரெண்டு பூதத்த ஒண்டியா சாய்ச்ச நீ. தைலம் கீற பொட்டியாண்ட வந்து நிக்கற. இதோ, இந்தக் கட்டம், இது தான் நீ. சோக்கா கீற இல்ல?

ஒரே ஒரு சின்ன விஷயம். வர வழில ஒரு சிலந்தி கடிச்சிடுச்சி. ஒடம்புல விஷம் ஏறிகீது. பயப்படாத! சும்மா நின்னா ஒண்ணும் ஆவாது. நடந்தா தான், ஒவ்வொரு அடிக்கும் உசுரு ஒவ்வொண்ணா கொறயும். அத்தைக்கு மந்திரம் தீந்து போச்சி. அதான் உன்ன நிக்க வச்சிட்டு, நீ டூட்டி முடிஞ்சி வருவன்னு இங்க வந்து வெயிட் பண்ணிகினு கீறேன். ஏன் உன் படில குந்திகீறேன்னா, எங்க வூட்ல எங்கம்மா ஃபியூஸ் கட்டைய புடுங்கி எடுத்துகினு வேலைக்குப் போய்ட்டாங்க. இது உன் மீட்டரு தான். அத அப்பால பேசிக்கலாம், நம்ம பழக்கம் எங்க போவப் போவுது.

இப்போ உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு தான் கேக்கணும். இந்தப் பொட்டிலயும் அதே கண்ணி. சின்ன துவாரம், பச்ச, கசப்பு வாசம். போன தபா மாதிரி கேமு கோளாறு பண்ணிச்சின்னா எல்லாம் போச்சி. நீ சேஃப்டி. டெய்லி டேஞ்சர் போர்டு மாட்ற ஆளு. இதுக்கு ஸ்பெல்லிங்கு இன்னான்னு சும்மா சொல்லு. எனக்குத் தெரியும். சும்மா ஒரு டெஸ்ட்டு.

பி… ஓ… ஐ… எஸ்… கரெக்டு. அப்பால ஐ. …இல்லியா? எஸ்ஸுக்கு அப்புறம் ஐ கெடயாதா? நேரா ஓ-வா?

சும்மா டபாய்க்காதண்ணா. எங்கப்பா மணலி கெமிக்கல் கம்பெனில டேங்கர் லாரி ஓட்றாரு. அந்த டேங்கு பின்னாடி மண்டையோடு போட்டு, அதுக்குக் கீழ இவ்ளோ பெருசா எழுதிகீது. எஸ்ஸுக்கு அப்பால ஜம்முனு ஒரு ஐ. ஹைவேஸ்ல எத்தினி பேரு அத படிச்சிகினே பின்னாடி வரான், எவனாவது ஒருத்தன் தப்புன்னு சொல்லிகீறானா? லாரில எழுதனது தப்பா இருக்குமா?

யாரு எழுதனதா?

…

போன வருஷம் பெயிண்ட் உரிஞ்சி போச்சின்னு எங்கப்பா… என்ன தான்… ப்ரஷ்ஷ குடுத்து…

சரி! சரிண்ணா! எதுக்கு அப்படி சிரிக்கற? ஒரு ஐ! ஒரே ஒரு ஐ. அதுக்காக ஒரு மனுஷன், மணி, பேனரு, ஃபாதர் காலு… ஐயோ, அந்த வெள்ளக்காரனுக்கு வேற கழுவி கழுவி எழுதிகீறேன். இது மாமாக்குத் தெரிஞ்சிது, அடுத்த பேனரு எனக்குத் தான். நீ வாய தொறக்காத. உன் கரண்ட்டு பில்லு நான் கட்றேன். சரி, எங்கம்மா கட்டுவாங்க.

இரு, அடிக்கறேன். பி, ஓ, ஐ, எஸ்… ஓ… என். கண்ண மூடிக்கோ. என்டரு.

தொறந்துச்சி! தொறந்துச்சிண்ணா! தைலம்! மாமோவ்! மாமா! தைலம் கெடச்சிடுச்சி! ஜஹாங்கீர் பாய்க்கு ஃபோன் போடு!

கேட்டியா, கீழ விசிலு? இப்போ அப்படியே கோயிலுக்கு நடக்கணும், அவ்ளோ தான்.

நடக்கணும்…

அண்ணா. உனக்கு உசுரு எவ்ளோ கீதுன்னு பாத்தேன். கோயிலு எவ்ளோ தூரம்னும் பாத்தேன். ரெண்டும் கொஞ்சம்… ஒண்ணுக்கொன்னு ரொம்ப கிட்ட கீது. நீ இன்னா சொல்ற? உன்ன கேக்காம நான் நடக்க மாட்டேன். நான் அப்படிப்பட்ட ஆளு கெடயாது.

எங்க எழுந்துட்ட? அண்ணா? பேசிகினு இருக்கும்போதே தாண்டிப் போனா இன்னா அர்த்தம்? நடக்காதண்ணா, உனக்கு ஒடம்பெல்லாம் விஷம்! …சரி. நீ மேல ஏர்ற. அப்போ சம்மதம்னு தானே அர்த்தம்? நீ ஒரு படி வை, நான் ஒரு அடி வைக்கறேன். ஆ, அப்படித் தான். மெதுவா. இன்னொண்ணு. சந்து திரும்புது. இன்னொண்ணு. போவுதுண்ணா, உசுரு போவுது, ஆனா சூப்பரா நடக்கற. வா… வா… கோயில் கோபுரம் தெரியுது… நில்லு! நில்லு நில்லு! கால கீழ வைக்காத! தூக்கனது தூக்கன மாதிரியே நில்லு! இன்னும் ஒரே ஒரு அடி தான் கோயிலுக்கு. உனக்கும் ஒரே ஒரு உசுரு தான் கீது. கோயிலுக்குள்ள நீ பொணமா உழுந்தா கூட போதும், தைலம் போயி சேந்துடும், மாமா எழுந்துடுவாரு.

இன்னா மாமா? கேக்குது கேக்குது, கத்தாத! …ஒண்ணும் இல்லண்ணா, மாமா ரொம்ப நல்ல மனுஷன். எனக்காக சாவறவனுக்கு ஒரு மரியாத பண்ணாம இருக்க முடியுமான்றாரு. பேனர் கடக்காரன் லைன்ல கீறானாம்.

அண்ணா, அந்தக் கால கீழ வைக்கறதுக்கு முன்னாடி… கூலிங் க்ளாஸ் போட்ட போட்டோ எதுனா கீதா?